சாக்பீஸ் ஏன் சாய்வாக உடைகிறது

ஜூலை 14, ஞாயிறு

அன்புள்ள பொடிசுக்கு,

தொண்டைக் கட்டியை எடுத்து நான்கு நாள் ஆகிறது. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர இரண்டு வாரம் என்கிறார்கள், மூன்று வாரம் என்றும் சொல்கிறார்கள். அதுவரை ஒரு சொல் பேசக்கூடாது. கிசுகிசுப்பதுகூடக் கூடாதாம், குரல்நாணுக்கு அது இன்னும் கெடுதலாம்.

அக்கா தன் வீட்டு மாடியறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். பேசுவதற்குப் பதிலாக ஒரு நோட்டு. நான் அதில் எழுதிக் காட்டினால், அவளும் பேனாவை வாங்கிப் பதிலை எழுதிக் காட்டுகிறாள். எனக்குக் காது கேட்கும் என்பது அவளுக்கு மறந்துபோய்விடுகிறது.

கைபேசியில் எழுதலாமே என்பாய். எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். எனக்கு அது போதாது. உன் அண்ணன் வாரா வாரம் சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்பப்போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பு. நானும் அப்படியே. உறையை ஒட்டித்தான் தருவேன், அவருக்கு ஆர்வம் அதிகம்.

நாளை என் இடத்தில் உனக்கு முதல் வகுப்பு. இரண்டாம் ஆண்டு, ஐம்பத்தெட்டு பேர், பொருள் வலிமைப் பாடம். நூறு முறை சொல்லியாயிற்று, இன்னொரு முறை சொல்கிறேன், கோபப்படாதே. பாடத்தை அவர்கள் வீட்டிலேயே வீடியோவில் கேட்டுவிட்டு வரவேண்டும். வாரத்துக்கு மூன்று வீடியோ, ஒவ்வொன்றும் எட்டு நிமிடம். வகுப்புக்கு முந்தின நாள் மாலைக்குள் ஆளுக்கு ஒரு வரி, தனக்கு எங்கே புரியவில்லை என்று எழுதி அனுப்பவேண்டும். அந்த வரிகளிலிருந்துதான் வகுப்பு ஆரம்பிக்கும். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு நாலு நாலு பேராக உட்கார்ந்து கணக்கு போடுவார்கள், மரக்குச்சியை வளைப்பார்கள், சண்டை போடுவார்கள். நீ மேஜைக்கு மேஜை போய் நில். சொல்லிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று பலகைக்குத் திரும்பிவிடாதே. நீ திரும்பினால் ஐம்பத்தெட்டு பேரும் பேனாவைத் திறந்துவிடுவார்கள், அப்புறம் ஒருவனும் யோசிக்கமாட்டான்.

கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து முப்பத்தெட்டு வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுகூட வீணாகப் போகக்கூடாது.

துறைத் தலைவர் ஏதாவது சொன்னால் உடனே எழுது. அவருக்கு இந்த முறையில் நம்பிக்கை இல்லை. செப்டம்பரில் உன் வேலையை நிரந்தரம் செய்யும் கூட்டம் வேறு இருக்கிறது.

உன் அண்ணி


ஜூலை 26, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கல்லூரியில் இல்லாத நேரம் பார்த்து ஒரு விண்ணப்பம்: ஊழியர் அறையில் என்னைப் ‘பொடிசு’ என்று கூப்பிட்டது போதும். இப்போது ஆய்வகத்து ஆள்கூடப் பின்னால் அப்படித்தான் சொல்கிறார். எனக்கு இருபத்தெட்டு வயது ஆகிறது.

வகுப்பு நன்றாகப் போகிறது. பெஞ்சு இழுக்கிற சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் விட்டார்கள், மற்றபடி ஒன்றுமில்லை. பிள்ளைகள் பழகிக்கொண்டு வருகிறார்கள். முன் பெஞ்சில் ஒருத்தி, எதைச் சொன்னாலும் எழுதுவாள், நான் “உக்காருங்க” என்று சொன்னதையும் எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன், அவளுக்கு எல்லாரும் ‘நோட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் ஒருவர், எனக்கு நாலு வயதுதான் இளையவர், பட்டயம் படித்துவிட்டு லேத் பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர். இன்னும் மாலையில் பட்டறைக்குப் போகிறார். அவர் பெயர் ‘லேத்’.

அண்ணன் காலையில் தானே டீ போட்டுக் குடிக்கிறார். எனக்கும் தருகிறார். குடிக்கிறேன். வேறு வழி?

சோதனை முடிவு வந்ததா? தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடிசு (உங்களுக்கு மட்டும்)


ஆகஸ்ட் 11, ஞாயிறு

பொடிசு,

முடிவு வந்தது. ‘தெளிவாக இல்லை’ என்று வந்தது. எடுத்த துண்டு போதவில்லையாம். வியாழக்கிழமை மறுபடி மயக்க மருந்து கொடுத்து இன்னும் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். மறுபடி மூன்று வாரம் வாய்ப்பூட்டு. ‘தெளிவாக இல்லை’ என்றால் என்ன அர்த்தம் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். மருத்துவர் படித்துவிட்டு, “தெளிவா இல்லைன்னா தெளிவா இல்லைன்னுதாம்மா அர்த்தம்” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்றைக்கு எனக்குப் பேச்சு இருந்திருந்தால் அவர் தப்பித்திருக்கமாட்டார்.

உன் அண்ணனிடம் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று எழுதிக் காட்டியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

இப்போது வேறொன்று. எனக்கு இங்கே செய்வதற்கு எதுவும் இல்லை. அதனால் தினமும் வீடியோ பக்கத்தைத் திறந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகிறேன். முதல் வீடியோவை ஐம்பத்தைந்து பேர் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது, ஐம்பத்தொன்று. மூன்றாவது, நாற்பது. நான்காவதிலிருந்து ஒன்று. ஐந்தும் ஒன்று. ஆறும் ஒன்று. முப்பத்தெட்டு வரைக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று. முதலில் கணினி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அக்காவின் கைபேசியிலும் பார்த்தேன்.

நீ எழுதிய கடிதத்தில் ‘நன்றாகப் போகிறது’ என்று இருக்கிறது. என்ன நன்றாகப் போகிறது? எதைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள்? யாரோ ஒரு ஆள் மட்டும் விடாமல் பார்க்கிறானே, அது யார்?

நீ பலகைக்குத் திரும்பிவிட்டாய். உண்டா இல்லையா? நேராகச் சொல். நான் உயிரைக் கொடுத்துச் செய்ததை ஒரே வாரத்தில் மூட்டை கட்டி வைத்துவிட்டு, எனக்கு டீக்கதை எழுதிக்கொண்டிருக்கிறாய்.

அண்ணி


ஆகஸ்ட் 13, செவ்வாய்

அண்ணிக்கு,

இதை அண்ணன் கையில் கொடுக்கவில்லை, தபாலில் போடுகிறேன். சனிக்கிழமை வரை வைத்திருந்தால் கிழித்துப்போட்டுவிடுவேன்.

ஆமாம். பலகைக்குத் திரும்பிவிட்டேன். ஜூலை 22-ஆம் தேதியிலிருந்து. கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?

உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியவேண்டும், இல்லையா? கேளுங்கள். முதல் வாரமே பாதிப் பேர் வீடியோவைத் திறந்து வைத்துவிட்டுக் கவனிக்காமல் வந்தார்கள், கவனித்தவர்கள் மற்றவர்களுக்குக் கதை சொன்னார்கள். நோட்டு இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தலைவரிடம் போய், “மேடம் பாடமே நடத்தமாட்டேங்கறாங்க சார், எல்லாத்தையும் நாங்களே பண்ணணும்னா அவங்க எதுக்கு?” என்று கேட்டிருக்கிறாள். தலைவர் என்னைக் கூப்பிட்டு, “நோட்ஸ் குடுங்கம்மா, பசங்க பயப்படறாங்க” என்றார். அதைக்கூடச் சமாளித்திருப்பேன். பிறகு மூன்றாவது வகுப்பு வந்தது.

லேத் கையைத் தூக்கினார். அவர் வரிசையெல்லாம் பார்ப்பதில்லை, முப்பத்தொன்றாவது வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு சாக்பீஸ். “மேடம், இதை வளைச்சா நேரா உடையுது. முறுக்கினா இப்படிச் சாய்வா, திருகாணி மாதிரி உடையுது. ஏன்?” எல்லாருக்கும் முன்னால் உடைத்தும் காட்டினார்.

அண்ணி, எனக்குத் தெரியவில்லை. முறுக்கத்துக்குச் சூத்திரம் தெரியும். வருவிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வருவிப்பேன், பல்கலைக்கழகத்தில் இரண்டாமிடம் வாங்கியது அதில்தான். சாக்பீஸ் ஏன் சாய்வாக உடைகிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டதில்லை. ஐம்பத்தெட்டு முகமும் என்னையே பார்த்தது. “அது அப்புறம் வரும்” என்றேன். அவர் மரியாதையாகத்தான் உட்கார்ந்தார். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

பலகையில் எழுதிக்கொண்டே போனால் இந்தத் தொல்லை இல்லை. நான் பேசுகிற வரைக்கும் யாரும் கேட்கமுடியாது. உங்கள் முறையில் எந்த மேஜையிலிருந்து எது வரும் என்று தெரியாமல் ஐம்பது நிமிடம் நிற்கவேண்டும். உங்களால் முடியும். எனக்கு ஒவ்வொரு நாளும் காலையில் வாந்தி வருகிற மாதிரி இருந்தது.

இந்த வேலையை நீங்கள்தான் சொல்லி வாங்கித் தந்தீர்கள். எனக்கு அது மறக்கவில்லை, மறக்க விடவும் மாட்டார்கள். உங்கள் குறிப்பை வைத்துப் படித்தேன், உங்கள் அறையில் உட்கார்கிறேன், இப்போது வகுப்பிலும் உங்கள் குரல்தான் பாடம் நடத்துகிறது என்றால் நான் யார்? பெஞ்சு நகர்த்துகிற ஆளா?

நீங்கள் அங்கே எந்த நிலைமையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். எழுதியிருக்கக்கூடாது. ஆனாலும் போடுகிறேன்.


ஆகஸ்ட் 25, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. போன ஞாயிறு அண்ணன் வெறுங்கையோடு வந்தார். “அவ உனக்கு ஒண்ணும் குடுக்கலையே” என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். இந்த வாரமும் இல்லை. திட்டியாவது எழுதுங்கள்.

முதல் தேர்வு நடந்தது. ஐம்பத்தெட்டில் முப்பத்தொரு பேர் தேறவில்லை. நான் பலகை நிறைய எழுதிப் போட்டதையெல்லாம் விடைத்தாளில் அப்படியே திருப்பி எழுதியிருக்கிறார்கள். கணக்கில் உத்தரத்தின் நீளத்தை நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். அதைக் கவனிக்காமல் என் பழைய நீளத்துக்கே விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். நோட்டு உட்பட.

விடைத்தாள் கொடுத்த அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் லேத் வந்தார். அவரும் தேர்வில் ஏதோ கரை சேர்ந்த கதைதான், எழுத்து வராது அவருக்கு. “மேடம், பெரிய மேடத்துக்குத் தொண்டை சரியாயிடுச்சா?” என்றார்.

“உங்களுக்கு யார் சொன்னது?” என்றேன். கல்லூரியில் மருத்துவ விடுப்பு என்று மட்டும்தானே சொல்லியிருக்கிறோம்.

“யாரும் சொல்லல. பத்தொம்பதாவது வீடியோலயே குரல் கம்மிடுச்சே. டீ நேரத்துல பட்டறையில எல்லாத்தையும் பாத்துட்டேன் மேடம். கடைசி நாலு பாக்கறப்ப கஷ்டமா இருந்துச்சு.”

அந்த ஒரு ஆள் அவர்தான், அண்ணி.

நான் உங்கள் வீடியோ ஒன்றையும் பார்த்ததில்லை. பாடம்தான் தெரியுமே என்ற எண்ணம். இன்று காலை அண்ணன் அங்கே உங்களோடு இருந்த நேரத்தில், கூடத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். மாலை நாலரைக்கு முடித்தேன். பன்னிரண்டு வரைக்கும் வகுப்பில் கேட்கிற அதே கணீர்க் குரல். பத்தொன்பதில் வரிக்கு வரி தண்ணீர் குடிக்கிறீர்கள். இருபத்தாறில் குரல் ஒரு படி இறங்கிவிட்டது. முப்பத்தொன்றில் ‘முறுக்கம்’ என்கிற இடத்தில் சொல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. “மன்னிக்கவும்” என்று சொல்லிவிட்டு மறுபடி அந்த வரியை முதலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். கடைசி வீடியோ காற்றுதான்.

மே மாதம் முழுக்க நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம். உங்கள் குரல் போய்க்கொண்டிருந்தது எனக்குக் கேட்கவே இல்லை. பட்டறை சத்தத்துக்கு நடுவே ஒருவர் கேட்டிருக்கிறார்.

உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் எடுத்துக்கொண்டே இருந்தீர்களா? இதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள். சனிக்கிழமை வரை காத்திருக்க முடியாது, இதையும் தபாலில்தான் போடுகிறேன்.

நாளையிலிருந்து மறுபடி உங்கள் முறைக்கே போகிறேன். உங்களுக்காக இல்லை, அந்த முப்பத்தொரு விடைத்தாளுக்காக. செப்டம்பர் ஐந்தாம் தேதி தலைவர் வகுப்பில் வந்து உட்காரப்போகிறாராம். கூட்டத்துக்கு அவர்தான் என்னைப்பற்றி எழுதவேண்டும்.

பொடிசு


ஆகஸ்ட் 28, புதன்

பொடிசு,

தெரிந்திருந்தது.

ஏப்ரலிலேயே கரகரப்பு இருந்தது. சாக்பீஸ் தூசி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மே இறுதியில் விழுங்கும்போது வலித்தது. மருத்துவரிடம் போனால் பேசாதே என்பார், பேசாவிட்டால் வீடியோ நிற்கும், வீடியோ நின்றால் தலைவர் ‘அப்பவே சொன்னேனே’ என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கக்கூடாது என்பதற்காக மூன்று மாதம் கடத்தினேன். இங்கே முதல் நாளே, “மூணு மாசம் முன்னாடி வந்திருக்கலாமே” என்றார் மருத்துவர். உன் அண்ணன் அப்போது மருந்துக்கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இன்றுவரை தெரியாது. உன்னை நேராகச் சொல் என்று அதட்டியவள் லட்சணம் இது.

உன் ஆகஸ்ட் 13 கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்கிறாய். நாலு முறை எழுதினேன். ஒவ்வொன்றிலும் நான் செய்தது சரி என்றுதான் எழுத வந்தது. கிழித்துவிட்டேன். நீ பெஞ்சு நகர்த்துகிற ஆளா என்று கேட்டாயே, உனக்கு அந்த வகுப்பைக் கொடுத்தபோது எனக்கு மனதில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பாடம் என்னிடம் இருக்கிறது, அவள் போய் நின்றால் போதும் என்று. நீ பயந்திருப்பாய் என்று தோன்றவே இல்லை. இரண்டாமிடம் வாங்கியவளுக்கு என்ன பயம்?

இப்போது நான் சொல்வதைக் கேள். ஐந்தாம் தேதி மட்டும் பழையபடி பாடம் நடத்திவிடு. பலகையில் அழகாக ஒரு வருவிப்பு, இரண்டு கணக்கு, முடிந்தது. தலைவருக்குப் பிடித்ததைக் கொடுத்து அனுப்பு. இதை நான் எழுதுகிறேன் என்று எனக்கே கூசுகிறது. ஆனால் வேலை போனால் உனக்கு யார் பதில் சொல்வது? நான் இங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரில் இருந்தால் தலைவரிடம் மல்லுக்கு நிற்பேன். இப்போது என்னால் உனக்காக ஒரு தும்மல்கூடப் போடமுடியாது.

முடிவு செப்டம்பர் இரண்டாம் வாரம். தினமும் கண்ணாடியில் தொண்டையைப் பார்க்கிறேன், ஏதோ தெரியப்போகிற மாதிரி. அக்கா கண்ணாடியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

ஐந்தாம் தேதி பலகையில் எழுது. தயவுசெய்து.

அண்ணி


செப்டம்பர் 6, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரி வரைக்கும் நகத்தைக் கடிப்பீர்கள்.

நான்காம் தேதி சாயங்காலம் வரைக்கும் உங்கள் பேச்சைத்தான் கேட்பதாக இருந்தேன். வருவிப்பை ஒரு தாளில் எழுதியும் வைத்துவிட்டேன். பிறகு பிள்ளைகள் அனுப்பிய ‘புரியாத இடம்’ வரிகளைத் திறந்தேன். முறுக்கத்தைத்தான் கொடுத்திருந்தேன். வரிசைப்படி அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது, நான் முன்னால் இழுத்துக்கொண்டேன், ஏன் என்று கேட்காதீர்கள். ஐம்பத்தெட்டில் நாற்பத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். ஜூலையில் பதினெட்டைத் தாண்டியதில்லை. நாற்பத்தேழில் ஒன்பது பேர் கேட்டது ஒரே கேள்வி. லேத் விடுதி முழுக்க சாக்பீஸை முறுக்கிக் காட்டியிருக்கிறார் போலிருக்கிறது.

தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். பதில் அப்போதும் எனக்கு முழுதாகத் தெரியாது. புத்தகத்தில் இருக்கிறது, படித்தேன், வார்த்தையாகத் தெரிந்தது. கையில் தெரியவில்லை.

தலைவர் கடைசி மேஜையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தார். நான் இரண்டு பெட்டி சாக்பீஸையும், ஆளுக்கொரு நீள ரப்பரையும் மேஜைக்கு மேஜை வைத்தேன்.

“ஜூலை மாசம் ஒருத்தர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார்,” என்றேன். “அது அப்புறம் வரும்னு சொன்னேன். பொய். எனக்குத் தெரியல, அதான். இன்னிக்கும் பாதிதான் தெரியும். மீதியை நீங்க கண்டுபிடிக்கணும்.”

தலைவர் பேனாவைத் தூக்கி எதையோ எழுதினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, சத்தியமாக.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, சாக்பீஸ் உடைந்ததைத் தவிர. தரை வெள்ளையாகிவிட்டது. இரண்டு பேர் தும்மினார்கள். ஒரு மேஜையில் யார் மெலிதாக உடைக்கிறார்கள் என்று போட்டி. வாயைத் திறந்து விடையைக் கொட்டிவிடலாம் போலிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி மேஜைப் பையன் திரும்பித் தலைவரிடம் ஒரு சாக்பீஸை நீட்டினான். “சார், நீங்களும் ஒண்ணு முறுக்குங்க.” எனக்கு உயிரே போய்விட்டது.

தலைவர் வாங்கி முறுக்கினார். உடைந்தது. உடைந்த இடத்தை மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “முதன்மைத் தகைவு நாப்பத்தஞ்சு பாகையில வரும், அதான்” என்றார்.

“அது பேரு சார். ஏன் வருது?”

தலைவர் அவனைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

அப்போதுதான் முன் பெஞ்சிலிருந்து நோட்டு, “மேடம், ஒரு நிமிஷம்” என்றாள். அவள் ரப்பரின் மேல் பேனாவால் வரிசையாகக் கட்டம் போட்டிருந்தாள். கட்டம் போடுவது அவளுக்குப் பழக்கம், நோட்டில் எல்லாப் பக்கத்திலும் போடுவாள். இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினாள். “பாருங்க, சதுரமா போட்டேன். முறுக்கினா சாய்சதுரமா ஆயிடுது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடுவுல இழுபடுது. இன்னொரு பக்கம் அமுங்குது.” நிறுத்தினாள். யோசித்தாள். அவள் பேனா இல்லாமல் யோசித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். “சாக்பீஸ் அமுக்கினா தாங்கும். இழுத்தா தாங்காது. அப்ப எங்க ரொம்ப இழுபடுதோ, அங்கதானே பிளக்கும்? அந்த இழுப்பே சாய்வா இருக்கு மேடம்! அதனால வெடிப்பும் சாய்வா!”

எல்லாரும் எழுந்து அவள் மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எனக்கும் அந்த நொடியில்தான் அது புரிந்தது, அண்ணி. பல்கலைக்கழகத்தில் இரண்டாமிடம் வாங்கி ஆறு வருடம் கழித்து. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

லேத் பின்னாலிருந்து, “இரும்புக் கம்பி முறுக்கி அறுந்தா நேரா, வழவழன்னுதான் அறுந்திருக்கும். பட்டறையில பாத்திருக்கேன். அது ஏன் மேடம்?” என்றார். நான் “அது இழுத்தா தாங்கும், எதுக்குத் தாங்காது?” என்று திருப்பிக் கேட்டேன். மணி அடித்தது. யாரும் கிளம்பவில்லை.

தலைவர் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். “நீங்க பேசின நேரத்தைக் குறிச்சேன். அம்பது நிமிஷத்துல பதினோரு நிமிஷம். இதை வச்சு நான் உங்களைப்பத்தி என்ன எழுதறது?” என்றார். கோபமா, கேள்வியா, தெரியவில்லை. பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். கூட்டம் பத்தாம் தேதி.

உங்களுக்கும் அதே வாரம்தான் முடிவு. இரண்டு பேரும் ஒன்றாகவே பயந்துகொண்டிருக்கிறோம் என்பதில் ஒரு ஆறுதல், வெட்கம் கெட்ட ஆறுதல்.

இன்னொன்று. கேட்காமல் ஒரு வேலை செய்துவிட்டேன். வலி தெரிந்தும் நீங்கள் நாள் கடத்திய விஷயத்தை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கேட்டதும் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நாளை வருவார். கோபம் என்மேல் மட்டும் இருக்கட்டும்.

பொடிசு


செப்டம்பர் 15, ஞாயிறு

அன்புள்ள பொடிசுக்கு,

போன சனிக்கிழமை உன் அண்ணன் வந்தார். வாசலிலேயே நோட்டை வாங்கி ‘ஏன் சொல்லலை?’ என்று எழுதிக் காட்டினார், அக்கா மாதிரியே. நான் பதில் எழுதப் பேனாவைத் தேடினேன். அவர் நோட்டை மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அவருக்குப் பேச எந்தத் தடையும் இல்லை என்பதை நினைத்துக்கொள். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, மூன்று நாள். இப்போது இல்லை.

முடிவு வந்துவிட்டது. புற்று இல்லை. உயிரணுக்களில் மாற்றம் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழாய் விட்டுப் பார்க்கவேண்டும், அது எத்தனை வருடத்துக்கு என்று சொல்லமாட்டேன் என்கிறார்கள். மருத்துவர் சொன்னதும் உன் அண்ணன் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது. நான் அழவில்லை. அழுதால் தொண்டை இறுகும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, நீ எழுதிய ஆறாம் தேதிக் கடிதத்தை மறுபடி படிக்கும்போதுதான் அழுதேன். தொண்டை இறுகினால் இறுகட்டும் என்று.

குரல் பழையபடி வராது. பயிற்சி கொடுக்கிற பெண் மறைக்காமல் சொல்லிவிட்டாள். “வகுப்பு முழுக்க நின்னு சத்தமா பேசறது இனிமே வேண்டாம் மேடம்.” பதினாறு வருடம் நான் செய்துவந்த ஒரே காரியம் அதுதான். இனி என்ன என்று எனக்குத் தெரியவில்லை. உன் வகுப்பில் நீ பேசியது பதினோரு நிமிடம் என்று தலைவர் எண்ணினாரே, அதைப் படித்தபோது, அவ்வளவு பேச்சே போதுமென்றால் நானும் வகுப்புக்குப் போகலாமே என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. ஆனால் அதை நம்பி இப்போதே எதையும் சொல்லமாட்டேன். பயமாக இருக்கிறது.

கூட்டத்தில் நடந்ததை உன் அண்ணன் சொன்னார். நிரந்தரம் இல்லை, நீக்கமும் இல்லை, இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று. தலைவர் ‘வகுப்பில் ஒழுங்கு குறைவு’ என்றும் எழுதியிருக்கிறார், ‘மாணவர்கள் கேட்கிறார்கள்’ என்றும் எழுதியிருக்கிறார். இரண்டையும் எழுதத் தெரிந்த மனிதர் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. ஆறு மாதம் நீண்ட காலம்தான். நீ தினமும் காலையில் அந்தப் பயத்தோடுதான் போவாய். நான் சொன்னபடி பலகையில் எழுதியிருந்தால் ஒருவேளை நிரந்தரமே கிடைத்திருக்கும். இந்த முறைக்குள் உன்னை இழுத்துவிட்டதற்காக நீ என்னை ஒரு நாள் திட்டக்கூடும். திட்டு. ஆனால் பலகையில் எழுதச் சொன்னது தப்பு.

பாடத்துக்கு இன்னும் பன்னிரண்டு வீடியோ வேண்டும். என்னால் முடியாது. நீ எடு. உன் குரலில், உன் வாயில் வருகிற மாதிரி. எனக்குக் காட்டிச் சரி பார்க்க அனுப்பாதே. அனுப்பினால் திருத்துவேன், என்னால் அடக்க முடியாது. பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள். தொண்டை கரகரத்தால் அன்றைக்கே நிறுத்திவிடு. இது ஒன்றை மட்டும் கேள், தயவுசெய்து.

நேற்றிலிருந்து பேச அனுமதி. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். அதற்குமேல் கூடாது. பயிற்சிக்காரி கையில் கடிகாரத்தோடு உட்கார்கிறாள். நேற்றைய ஐந்து நிமிடம் முழுக்க ‘ம்ம்ம்’ என்று முனகுவதிலேயே போயிற்று. வந்த சத்தம் யாருடையதோ. அக்கா சமையலறையிலிருந்து “யாரு வந்திருக்கா?” என்று கேட்டாள்.

வியாழக்கிழமை ஊருக்கு வருகிறேன். மதியம் வண்டி. உனக்கு வகுப்பு இருந்தால் விட்டுவிட்டு வராதே. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் போதும், நான் கூடத்தில் இருப்பேன்.

அன்றைய ஐந்து நிமிடத்தை யாருக்கும் கொடுக்காமல் உனக்காக எடுத்து வைத்திருப்பேன். உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு அன்றைக்குச் சைகைதான். அவர் சரி என்றார். என்ன பேசுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், ஒன்றும் சரிப்படவில்லை. மன்னிப்புக் கேட்கவே மூன்று நிமிடம் ஆகும் போலிருக்கிறது. மீதி இரண்டு நிமிடத்துக்கு நீ ஏதாவது கேள்.

உன் அண்ணி